இரவில் உழைப்போரின் பகலுறக்கம்

ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து தொழில் புரிவோர் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அநேகர். சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டு தொடக்கம் கோதுமை அரைத்துவரும் பிறீமா மாவாலை, சீமெந்து ஆலை, பொது வைத்தியசாலை ஆகிய இடங்களில் பொழுது சாய்ந்ததும் வேலை ஓய்ந்துவிடுவதில்லை.

இவ்வேலைக்குப் புதிதாய் வருபவரிடம், "நாளடைவில் பழகிவிடும்" என்று மூத்தோர் தேறுதல் கூறுவர். அன்பான சொல்தான், ஆயினும் பெரும்பாலோர் விடயத்தில் அது மெய்யாவதில்லை. 1938ஆம் ஆண்டில் நதானியேல் கிளைட்மன் என்னும் அறிஞரும் ரிச்சர்ட்சன் என்னும் இளைஞரும் அமெரிக்காவின் மாமத் குகையினுள் 32 நாட்கள் தங்கி, 28 மணித்தியாலங்களை ஒரு நாளாகக் கொண்டு வாழ்ந்து பார்த்தனர். இளைஞரின் உடல் இணங்கிற்று. நாற்பதைக் கடந்த அறிஞரின் உடலோ பழைய நாளையே பற்றி நின்றது. சூரியனே புகாத குகையில் நிலை இதுவாயின், கிழக்குக் கடற்கரையில் வாழ்பவர் என் செய்வார்?

மூளையின் அடிப்பகுதியிலுள்ள சிறியதொரு நரம்புத்திரளே உடலின் கடிகாரம். கண்வழி புகும் ஒளியைக் கொண்டே அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. விடியலில் வேலை முடித்து வருபவரின் முகத்தில் படும் கடற்கரை வெயில், "பகல் பிறந்தது, விழித்திரு" என்று அதற்குக் கட்டளையிடுகிறது. ஆதலின் வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவது பயன் தரும். கண் சொருகும் நிலையிலுள்ளவர் மோட்டார் சைக்கிளைத் தொடாது பஸ்ஸில் வருவதே உயிருக்குக் காவல். உறங்கும் அறையின் யன்னலுக்குக் கனத்த கருந்துணி வேண்டும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது தகரக் கூரையின் கீழ் உறங்குதல் அரிது; வீட்டில் தணிந்த அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தல் நன்று.

அதிகாலை நான்கு மணியளவில் உடற்சூடு மிகத் தாழ்ந்து, கவனமும் தளர்கிறது. அந்நேரத்தில் தேநீர் அருந்தத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதன் ஊக்கப்பொருளிற் பாதி ஐந்து மணித்தியாலம் கழிந்தும் குருதியில் நிற்கும். இரண்டு மணிக்குப் பின் தேநீரும் கோப்பியும் வேண்டாம்.

வேலை நேரத்தை மாற்றி வகுக்கும் மேலாளருக்கும் இதிற் பங்குண்டு. காலை, மாலை, இரவு என்னும் முன்னோக்கிய வரிசையை உடல் ஓரளவு ஏற்கும். பின்னோக்கிய வரிசை அதற்குத் துன்பம். இரவு வேலை புற்றுநோய்க்கு ஏதுவாகலாமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2007இல் வகைப்படுத்தி, 2019இலும் அதை உறுதிசெய்துள்ளது. எனவே இதனைச் சோம்பேறிகளின் முறைப்பாடாகத் தள்ளுதல் தகாது.

ஆடவர் வந்ததும் பாயை விரிக்கலாம். இரவுக்கடமை முடித்துவரும் தாதியை அடுப்பும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் எதிர்கொள்கின்றனர். அவர் கண்ணயரும் வேளையில் பாண் வண்டியின் இசை தெருவில் ஒலிக்கும். காலையில் நான்கு மணித்தியாலமும், மறுபடி கடமைக்குச் செல்லுமுன் மாலையில் ஒன்றரை மணித்தியாலமுமாக அவர் உறக்கத்தைப் பிரித்துக்கொள்ளலாம். அந்த நான்கு மணித்தியாலங்களில் அடுப்பைப் பார்க்க வீட்டில் வேறொருவர் முன்வர வேண்டும்.