நுண்செயலியும் இரு நிறுவனங்களின் போட்டியும்

 

கணிப்பொறியின் மூளை எனப்படும் நுண்செயலியைக் குறித்துப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளார்கள். மூளை என்னும் உவமை அத்துணைப் பொருத்தமானதன்று. மூளை சிந்திக்கிறது, நுண்செயலியோ இட்ட கட்டளையை இட்டவாறே நிறைவேற்றுகிறது. அது அறிந்த கட்டளைகளின் தொகுதியை ஒரு மொழி எனக் கொள்ளலாம். அம்மொழியைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு உண்டு என்பதே நாம் கூறவிருக்கும் வழக்கின் உயிர்நிலை.

கலிபோர்னியாவில் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினர். அங்கிருந்தே வெளியேறிய ஜெர்ரி சாண்டர்சு தம் தோழர்களுடன் 1969-இல் ஏ.எம்.டி.யைத் தொடங்கினார். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் செயலி, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கணக்கிடும் கருவிக்காகப் பிறந்தது. அதில் இருந்தவை ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களே.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறிக்கு இன்டெல்லின் 8088-ஐத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் ஒரே விற்பனையாளரை நம்பியிருக்க அது விரும்பவில்லை. ஆலையில் தீப்பற்றினால் என் செய்வது? விலையை மனம்போல் உயர்த்தினால் யாரிடம் முறையிடுவது? ஆகவே மற்றொரு நிறுவனமும் அதே செயலியைச் செய்து தரவேண்டும் என்றது. இதன் விளைவாக 1982-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன.

1985-இல் 386 வெளிவந்ததும் நிலை மாறிற்று. பெரும்பொருள் செலவிட்டு ஆக்கிய அதன் வரைவைப் பிறருக்கு வழங்க இன்டெல் மறுத்தது. உழைத்தவர் பயனைத் தாமே துய்க்க எண்ணுவது இயல்பே. எனினும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்ததன்றோ? ஏ.எம்.டி. 1987-இல் நடுவரிடம் முறையிட்டது. தீர்ப்பு வருமளவும் அது கைகட்டி நிற்கவில்லை என்பதே நாம் வியந்து நோக்குவது. அதன் பொறியாளர்கள் 386-இன் இயக்கத்தைப் பகுத்தாராய்ந்து, தம் முயற்சியால் ஒத்த செயலி ஒன்றை ஆக்கி 1991-இல் வெளியிட்டனர். இன்டெல்லின் 386 நொடிக்கு 33 மில்லியன் துடிப்புகள் வரை இயங்கிய காலத்தில், இது 40 மில்லியனை எட்டிற்று, விலையும் குறைவு. 1992-இல் நடுவர் ஏ.எம்.டி.க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1994-இல் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

போட்டியாளர் பின்தொடர்பவராகவே இருந்துவிடவில்லை. 64 பிட்டுக் கணிப்புக்கென இன்டெல் புதியதொரு கட்டளை மொழியைப் படைத்து, 2001-இல் இட்டானியம் என்னும் செயலியில் தந்தது. பழைய நிரல்கள் அதில் மந்தமாகவே இயங்கின. ஏ.எம்.டி.யோ பழைய மொழியையே 64 பிட்டுக்கு விரிவாக்கி, 2003-இல் ஆப்டெரானை வெளியிட்டது. பழையனவும் ஓடின, புதியனவும் ஓடின. மறு ஆண்டே இன்டெல் அவ்விரிவாக்கத்தை ஏற்றுக்கொண்டது. கற்பித்தவர் கற்றவரிடம் பாடம் கேட்ட நிகழ்ச்சி இது.

பின்னர் 2006 முதல் இன்டெல் மீண்டும் முந்தியது. 2011-இல் வந்த புல்டோசர் வடிவமைப்பு ஏ.எம்.டி.க்குப் பெருந்தோல்வியாயிற்று. அதனைத் தேற்றி எடுக்கும் பொறுப்பு, 2014-இல் தலைமையேற்ற லிசா சு என்னும் பொறியாளர் அம்மையாரிடம் வந்தது. 2017-இல் வெளிவந்த ரைசன், பொதுமக்கள் வாங்கும் விலையில் எட்டு உள்ளகங்களைத் தந்தது. அதுகாறும் நான்கோடு அமைந்திருந்த இன்டெல்லின் வழக்கமான மேசைக் கணிப்பொறிச் செயலிகளிலும், அவ்வாண்டின் இறுதிக்குள் ஆறு உள்ளகங்கள் தோன்றின. போட்டியாளர் இல்லையேல் இது இத்துணை விரைவில் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆலைகளின் செய்தி வேறு. ஏ.எம்.டி. தன் ஆலைகளை 2009-இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பின்னாளில் தன் முதன்மைச் செயலிகளைத் தைவானின் டி.எஸ்.எம்.சி.யிடம் செய்வித்துக்கொண்டது. சொந்த ஆலைகளையே பெருமையாகக் கருதிவந்த இன்டெல்லும், 2024-இல் வெளியிட்ட சில செயலிகளின் கணக்கிடும் பகுதியை அதே தைவான் ஆலைகளில்தான் செய்வித்தது.