பறையைச் செப்பனிடக் கற்றல்



இழவு வீட்டில் ஏவலுக்குப் பறையடிக்க மறுத்த முன்னோரின் துணிவை நாம் போற்றுகிறோம். விரும்பிக் கற்பது வேறு. கிழிந்த பறையைச் செப்பனிட முனைவோர், பழைய தோலை நனைத்துப் பிரித்தெடுத்து, வட்டச் சட்டத்தின் மூன்று மரத்துண்டுகளையும் இணைக்கும் இரும்புப் பட்டைகளை முதலில் சோதித்தல் வேண்டும். மூட்டு ஆடினால் நல்ல தோலும் பயன்படாது. புதியவர்களோ தோலையே குறை கூறுவர்! பின்னர், ஊறிய கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவிய சட்டத்தின்மீது இழுத்து ஒட்டுக. தோலைத் தொட்டால் தீட்டு என்பாரோடு வழக்காட அவ்வேளையில் நமக்கு நேரமிராது, பசை இறுகிவிடும். முற்றிலும் உலர்ந்த பிறகே தீயில் காட்டுக. பதனிடாத ஈரத்தோல் ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பத்திலேயே சுருங்கிக் கெட்டுவிடும். உலர்ந்த தோலோ அனல் பட்டதும் ஈரப்பதம் நீங்கி விறைத்து, கணீரென ஒலிக்கும்.