நீர்க்குழியின் மேல் தொங்கும் நுரைக்கூடு

(நீலகிரி மாவட்டம், கூடலூர் மலைப் பகுதியின் சிறு தோட்ட விவசாயிகளிடையே பேசியது)



மருந்து கலப்பதற்காகத் தோட்டத்தில் வெட்டியுள்ள நீர்க்குழியின் மேல் கவிந்த கிளைகளில், தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், சோப்பு நுரை போல ஏதோ வெண்மையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "இது என்ன நோய் சார்?" என்று ஒரு காப்பி விவசாயி என்னிடம் கேட்டார். நானும் ஏதோ பூச்சியின் வேலை என்று எண்ணி, கிளையை வெட்டி அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டேன். வெட்டியதும் நுரைக்குள்ளிருந்து வெளிறிய முட்டைகள் சிதறின. நான் சொன்னது தவறு. பிறகு அதே குழிக்கரையில் மூன்று இரவுகள் காத்திருந்து கண்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அது மலபார் பறக்கும் தவளையின் கூடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இத்தவளையை 1870இல் ஜெர்டன் என்பவர் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பச்சை உடல்; விரல்களுக்கு இடையே செம்மஞ்சள் சவ்வு. அதை விரித்து மரத்திலிருந்து சறுக்கியபடி இறங்கும்.

இருட்டியதும் ஆண் தவளைகள் குழியோரச் செடிகளில் அமர்ந்து குரல் கொடுக்கின்றன. உருவில் பெரிய பெண் தவளை மரத்திலிருந்து இறங்கி வர, ஆண் அதன் முதுகைப் பற்றிக்கொள்கிறது. பெண் தவளை தான் சுரக்கும் நீர்மத்தைப் பின்கால்களால், நாம் மோர் கடைவது போல, அடித்து நுரையாக்குகிறது. முட்டைகள் அந்த நுரைக்குள் தங்குகின்றன. சுற்றியுள்ள இலைகளும் நுரையில் ஒட்டி மூடிக்கொள்கின்றன. நுரையின் மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தலைப்பிரட்டைகள் நழுவி நேரே கீழே உள்ள நீரில் விழுகின்றன. கீழே நீர் இல்லாவிட்டாலும், நீரில் நஞ்சு இருந்தாலும் அத்தனையும் மடிந்துவிடும்.

இங்கேதான் நம் வேலை குறுக்கிடுகிறது. மிளகின் வாடல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பதும் இதே மழைக்காலத்தில்தான். தெளிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, அது தேவை. ஆனால் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் தலைப்பிரட்டைகளைக் கொல்லும். ஆகவே,

1. நீரை முகந்து சென்று, குழிக்கு எட்ட உள்ள பீப்பாயில் மருந்தைக் கலக்குங்கள்.
2. தெளிப்பானையும் வாளிகளையும் குழியில் கழுவாதீர்கள். கழுவிய நீர் குழிக்குள் வழியாதபடி பள்ளப் பக்கமாகக் கழுவுங்கள்.
3. நீர்மேல் கவிந்த கிளைகளை மழைக்காலம் முடியும்வரை கவாத்து செய்யாதீர்கள்.
4. குழியில் மீன் விடாதீர்கள். அவை தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும்.

தோட்டத்துச் சருகையும் முழுவதும் கூட்டி எரிக்க வேண்டாம். "டிக், டிக்" என்று ஒலிக்கும் சிறு புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இடத்தில் இடும் முட்டையிலிருந்து குட்டித் தவளையே நேராக வெளிவருகிறது. சருகின் ஈரம் அவற்றுக்கும் உதவும், உங்கள் மண்ணுக்கும் உதவும்.

நீங்களும் ஓர் இரவு பாருங்கள். மழை விட்ட மாலையில் ஏழு மணிக்கு மேல் இருவராகச் செல்லுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் போக வேண்டாம். காட்டுக்குள் நுழையாமல் சொந்தத் தோட்டத்திலேயே பாருங்கள். முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். தவளை உள்ள புதரில் குழிவிரியனும் காத்திருக்கும். பார்க்காமல் கை வைக்காதீர்கள். டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் தவளைகள் அதிகம் மிரளா. அவற்றைக் கையால் தொட வேண்டாம். கையிலுள்ள மருந்து அவற்றின் மெல்லிய தோல் வழியே உள்ளே இறங்கிவிடும். தேதி, மழை, கூடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் குறித்து வையுங்கள். கூடு கண்ட நாளிலிருந்து பத்து நாளாவது அந்தக் குழியைத் தொந்தரவு செய்யாதிருங்கள்.

இரவில் பூச்சிகளைத் தின்று வாழும் இந்த உயிர்கள் நம்மிடம் கூலி கேட்பதில்லை. ஒரு கிளையும், கொஞ்சம் நல்ல நீரும் விட்டு வைத்தால் போதும்.