காயலுக்கு அக்கரையில் ஒரு கவிச்செல்வி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டில் எமிலி டிக்கின்சன் என்னும் பெண்பாற் புலவர் 1830 முதல் 1886 வரை வாழ்ந்தார். ஏறத்தாழ 1,800 கவிதைகள் யாத்தார். அவர் வாழ்நாளில் அச்சேறியவையோ விரல்விட்டு எண்ணத் தக்கவை. மறைவுக்குப் பின் அவருடைய தங்கை லவினியா கண்டெடுத்த கையெழுத்தேடுகளே, 1890-இல் முதல் தொகுதியாக மலர்ந்தன. தங்கை காணாதிருப்பின் அச்செல்வம் உலகிற்கு எட்டியிராது.

அதே நூற்றாண்டில், இம்மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அக்கரையிலுள்ள எர்ணாகுளத்தில் 1864-இல் பிறந்தவர் தோட்டக்காட்டு இக்காவம்மா. அவர் பாட்டைப் பெட்டியில் வைத்திலர், அவைக்கே கொணர்ந்தார். அவர்தம் 'சுபத்ரார்ஜுனம்' 1891-ஆம் ஆண்டின் படைப்பு. மலையாளத்தில் பெண்ணொருவர் எழுதிய முதல் நாடகம் என அதனைப் போற்றுவர்.

பார்த்தன் சுபத்திரையை மணந்த கதை நாமும் கேட்டுப் பழகியதே. அம்மையாரின் புதுமை கதையில் அன்று, நாடகத்தின் முன்னுரையில் விளங்குகின்றது. பெண்ணுக்குக் கவிதை கைவருமோ என்னும் ஐயத்திற்கு அவர் மூன்று சான்றுகளால் விடையிறுக்கின்றார்: போர்க்களம் புகுந்த சத்தியபாமை, தேர் செலுத்திய சுபத்திரை, அந்நாளில் அரசாண்ட விக்டோரியா பேரரசி. புராணத்தை நம்புவோர் முன்னிரண்டையும் மறுத்தல் இயலாது. அரசை அஞ்சுவோர் மூன்றாவதை மறுத்தல் இயலாது. அவர் இரந்து நின்றாரல்லர், வழக்காடி வென்றார்.

1916-இல் அவர் மறைந்தார். அவர்தம் மகள் மாதவியம்மா பின்னாளில் கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்தார். தாய் ஏட்டில் தொடுத்த வழக்கை மகள் அவையிலும் நிலைநாட்டினார் எனலாம்.

ஆலப்புழையில் பிறந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்ததும் அதே 1891-இல்தான். அதனை நாம் அறிவோம். அக்கரை அம்மையை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? கடைத்தெருவுக்கு வேண்டிய மலையாளம் கற்றோம். கவிதைக்கு வேண்டிய மலையாளமும் கற்றல் வேண்டும். அதுவே நம்மை வாழவைக்கும் நாட்டிற்கு நாம் செய்யும் மரியாதை.

பிறிதொன்றும் உண்டு. ஔவையும் ஆண்டாளும் பாடிய மொழி நம்முடையது. ஆயினும் நம் இல்லத்துப் பெண்மக்களின் பாட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே உறங்குகின்றது. எல்லார்க்கும் ஒரு லவினியா வாய்ப்பதில்லை. தந்தையரே, தமையன்மாரே, அந்நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தாய்மார்களே, தங்கைமார்களே, தயங்காது எழுதித் தாருங்கள். அடுத்த ஆண்டு மலர் உங்கள் எழுத்தால் மணக்கட்டும்!