பள்ளியைச் சூழ்ந்த பாடங்கள்

ஆசிரியப் பணியிலே பல்லாண்டுகளைக் கழித்தவன் நான். அந்நாளில் ஒரு மாணவனுக்குத் தவறான விடை ஒன்றைக் கூறிவிட்டேன். அதனைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகவே இன்றைய பேச்சைக் கருதுகின்றேன்.

வட அமெரிக்காவின் படத்தை மாட்டிப் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் கைக்கோல் பாஸ்டன் நகரைத் தொட்டபோது சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஊருக்கும் நம் சென்னைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?" என்று வினவினான். "ஒன்றுமில்லை; பாடத்தைக் கவனி" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அதன்பின் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவனுக்குரிய விடை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்தது. அப்பகுதியை ஒரு பள்ளியின் வாயிலிலிருந்து புறப்பட்டு ஒருமுறை சுற்றி வருவோம், வாருங்கள்.

பெரிய தெருவில் நிற்கிறது இந்து மேல்நிலைப் பள்ளி. 1852ஆம் ஆண்டில் வேரூன்றிய பழம்பெரும் பள்ளி அது. விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து 1983இல் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர், 1922 முதல் 1925 வரை இங்கே பயின்றார். இதன் தலைமையாசிரியராக விளங்கியவருள் ஒருவர் சீனிவாச சாஸ்திரியார். 1904இல் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். வகுப்பறையிலே இலக்கணம் கற்பித்தவர், அரிசி பருப்பு வாங்கும் குடும்பங்களின் கவலையையும் தம் கவலையாகக் கொண்டார். பள்ளிக்கும் தெருவுக்கும் இடையே அவர் சுவர் எழுப்பவில்லை.

சற்று நடந்தால் அல்லிக்கேணியையும் பார்த்தசாரதி கோவிலையும் காணலாம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. கோவில் நிலம் அடகிற் போனதால் அமுதுபடி குறைந்தது என்பதையும், ஒருவர் அந்நிலத்தை மீட்டுத் தந்தார் என்பதையும் அது கூறுகின்றது. அடகும் மீட்பும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் மக்கள் அறிந்தவை! அருகில், துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவிலே, 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரதியார் கண்மூடிய இல்லம் இன்று நினைவகமாக விளங்குகின்றது.

இனி, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்புவோம். 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் அங்கே நிமிர்ந்து நிற்கின்றது. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஆண்டு கிடைக்கும்படி அமைந்த பாரசீகத் தொடர் ஒன்று அதன் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவர் மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். ஒற்றுமையைப் பற்றி நான் வகுப்பில் ஆற்றிய உரைகள் அனைத்தினும் இந்த ஒரு கல் மேலானது.

கடைசியாகக் கடற்கரைக்கு வருகிறோம். வட்ட வடிவான முகப்புடைய அந்த மாளிகையைப் பலரும் ஐஸ் ஹவுஸ் என்பர். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால், இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனால் 1840களில் அதனைக் கட்டியவர் பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர். பாஸ்டன் நகரைச் சூழ்ந்த ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், அவற்றை வாளால் அறுத்துக் கட்டிகளாக்கிக் கப்பலில் ஏற்றினர். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, வெப்ப மண்டலத்தை இருமுறை கடந்து, பல திங்கள் பயணம் செய்து பனிக்கட்டி இங்கே வந்து சேர்ந்தது. வழியில் ஒரு பகுதி கரைந்தாலும் எஞ்சியதைக் காத்தது எது? மரத்தூள்! தூளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. பின்னர் இயந்திரத்தால் இவ்வூரிலேயே பனிக்கட்டி செய்யக் கற்றதும் அந்த வாணிகம் ஓய்ந்தது.

புவியியல், இயற்பியல், வரலாறு, வணிகம் ஆகிய நான்கு பாடங்களும் ஒரே கட்டடத்தில் அடங்கியிருந்தன. அதனருகே எத்தனையோ மாலைகள் காற்று வாங்கியவன் நான். இருந்தும், "ஒன்றுமில்லை" என்றேன்.

தெரியாமை ஆசிரியனுக்கு இழுக்கன்று. "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லத் துணியாமையே இழுக்கு. அச்சிறுவன் இன்று எங்கேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, தொடர்பு உண்டு. நீ கேட்டதே சரி.

மாணவர்களே, உங்கள் பள்ளியைச் சுற்றியும் ஒரு குளமோ, கல்வெட்டோ, பழைய கிடங்கோ இருக்கும். அதன் வரலாற்றைக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அமர்ந்துவிடாதீர்கள்.