கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டார். தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் கேட்டிருப்பார். பாலிசி விவரங்களை உங்கள் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பில்லிங், அட்மிஷன், காப்பீட்டு கவுண்டர்களில் இருப்பவர்களிடம் நாம் பேசும் விதம்.

டாக்டரை "சார்", "மேடம்" என்கிறோம். நர்ஸை "சிஸ்டர்" என்கிறோம். பில் போடுபவரிடம் மட்டும், "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் பண்ணுவே?" வயதில் சிறியவரை "நீ" என்பது நம் வழக்கம்தானே என்பீர்கள். அதே வயதில் ஒரு டியூட்டி டாக்டர் வந்து நின்றால் நம் வாயில் "நீ" வருவதில்லை. ஆக, வயதைக் காரணம் சொல்ல முடியாது.

சண்டை பெரும்பாலும் டிஸ்சார்ஜ் நாளில்தான் வரும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னிக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பத்து மணிக்குப் பையைக் கட்டிக்கொண்டு நாம் தயார். அதற்குப் பிறகுதான் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, டாக்டர் கையெழுத்து ஆக வேண்டும். மீந்த மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போய் வரவு வைக்கப்பட வேண்டும். லேப், பிசியோ என ஒவ்வொரு பிரிவும் கணக்கை முடித்த பிறகே இறுதி பில். கேஷ்லெஸ் என்றால் அந்த பில் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அவர்களுக்காக ஆவணங்களைச் சரிபார்க்கும் டிபிஏவுக்கோ போகும். அங்கே ஒருவர், "நோயாளிக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை?" என்று ஒரு கேள்வி அனுப்புவார். பதில் எழுத வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். அவருடைய கையெழுத்துக்காக தியேட்டர் வாசலில் ஃபைலோடு காத்து நிற்பவர், நீங்கள் "இடத்திலேயே இருப்பதில்லை" என்று திட்டுகிற அதே கவுண்டர் ஊழியர்.

ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அட்மிஷன் நேரத்து கேஷ்லெஸ் கோரிக்கையை 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடித்துத் தர வேண்டும். 3 மணி நேரம் தாண்டி அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அதை ஏற்க வேண்டியதும் அந்த நிறுவனமே. எனவே கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க? க்ளெய்ம் நம்பர் கொடுங்க." பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். குரலை உயர்த்தியே தீர வேண்டுமென்றால் அங்கே உயர்த்துங்கள்.

இன்னொரு தலைவலி, நம் இனிஷியல். பாலிசியில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு விளக்கம் எழுதுவதே எங்களுக்குத் தனி வேலை. இன்றைக்கே வீட்டில் இரண்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள். ரொக்கமும் அப்படித்தான். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. கேஷியர் மறுப்பது திமிரில் இல்லை.

ஒருமுறை, ஒரு நோயாளியின் மகன் ஃபைலை கவுண்டர் மேல் வீசி எறிந்து, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனார். அங்கிருந்த பெண் அழவில்லை, எழுந்து போகவும் இல்லை. வரிசையில் அடுத்து நின்றவர் டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மனைவி. நடுங்கும் கையோடு அந்தப் பெண் பாலிசி எண்ணில் இரண்டு இலக்கங்களை மாற்றி அடித்துவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது. சத்தமே போடாத அந்த அம்மா மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கத்தியவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

இதனால் எதையும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். "இந்த 4,200 ரூபாய் எதற்குங்க?" என்று விரல் வைத்துக் கேளுங்கள். தவறு இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்த "ங்க" மட்டும் விட்டுப்போக வேண்டாம். பெயர் அட்டை கழுத்தில்தான் தொங்குகிறது; பெயர் சொல்லியே கூப்பிடலாம்.

நம் பிளாக்குகளிலேயே மருத்துவமனை பில்லிங்கில் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். பாலிசி சந்தேகம் இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம், என்னிடமும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர்கள் வீட்டு மணியை அழுத்தாதீர்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் தூங்குகிறார்கள்.