போய் வருதல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்குக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் என்று ஏதாவது பேசி எங்களைப் பயப்படுத்துவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயற்குழுவும் அப்படித்தான் நினைத்திருந்தது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வருவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "அதில கதைக்க என்ன இருக்கு?" என்று செயலாளர் கேட்டார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அதனால் மறந்துபோயிருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றுடன் பஸ்ஸில் ஒருமுறை பருத்தித்துறைக்குப் போய் வந்தவருக்குக் கதைக்க நிறைய இருக்கும்.

என்னிடம் வரும் தாய்மார் பிள்ளையின் நிறையைப் பற்றிக் கேட்பார்கள். சாப்பாடு, சளி, காய்ச்சல் பற்றிக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "கடைசியாகப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள்?" ஊசி போடக் கிளினிக்குக்கு, சித்தியின் கலியாணவீட்டுக்கு, கோயில் திருவிழாவுக்கு, செத்தவீட்டுக்கு என்று பதில் வரும். "சும்மா எங்கேயாவது?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "சும்மா எங்க டொக்டர் போறது?"

இந்தச் "சும்மா" எங்கள் வயதுக்காரருக்குப் பழக்கமில்லாத ஒன்று. அதற்குக் காரணம் உண்டு. இங்கே இருக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டு யாழ்தேவி நின்றபோது எங்களுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு வெளியூர் போவதென்றால் கிளாலிக் கடல், இரவு, வள்ளம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அன்று எங்களுக்குப் பதின்மூன்று வயது. சுற்றுலா என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படித்தோம். கட்டுரையும் எழுதினோம். "நான் சென்ற ஒரு சுற்றுலா" என்ற தலைப்புக்கு, போகாத கண்டிக்கும் பார்க்காத தலதா மாளிகைக்கும் நல்ல புள்ளிகள் வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள்.

நாங்கள் அறிந்த பயணங்களில் போவது மட்டும் நிச்சயமாக இருந்தது. வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதன் தடயம் எங்கள் குடும்பங்களின் பழக்கங்களில் இன்றைக்கும் கிடக்கிறது. மற்றவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்காரரின் விசித்திரங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இவை இருக்கும்.

என்னுடைய பை முதலாவது. பிள்ளைகளுடன் இரண்டு மணித்தியாலம் வெளியே போவதற்கு என் பையில் இருக்கும் சாமான்கள்: தண்ணீர்ப் போத்தல் இரண்டு, பிஸ்கட், மாற்று உடுப்பு, துவாய், ஜீவனிப் பைக்கற் இரண்டு, டோர்ச் லைட், தீப்பெட்டி, எல்லோருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரங்களின் பிரதி. பண்ணைக் கடற்கரையில் கச்சான் வாங்கித் தின்பதற்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எதற்கு என்று என் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அவரோ பத்து மணி ரயிலுக்கு எட்டரைக்கே ஸ்ரேசனில் போய் நிற்பவர். இடம் கிடைக்காமல் போய்விடும் என்பார். ஒருமுறை ரிக்கற் கொடுக்கும் யன்னல் திறக்க முன்பே போய்விட்டோம்.

என் அம்மாவின் பழக்கம் எண்ணுவது. வீட்டு வாசலில் ஒருமுறை, பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை எங்களை விரல் நீட்டி எண்ணுவார். நாங்கள் ஐந்து பேர்தான். எண்ணாமலே தெரியும். ஆனாலும் எண்ணுவார்.

சின்னவர்களுக்கும் குறைவில்லை. மூத்தவனுக்கு ஆறு வயது. வழியில் வரும் எல்லாச் சந்திக்கும் பெயர் தெரிய வேண்டும் அவனுக்கு. பெயர் தெரியாவிட்டால் அவனே ஒன்று வைப்பான். சின்னவளுக்கு நான்கு வயது. வெளியே காலடி வைத்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். செருப்பு ஊத்தையாகிவிடுமாம்.

இந்த ஐந்து பேரும் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். எவ்வித அலுவலும் இல்லை. பிள்ளைகளுக்கு ரயில் பார்க்க ஆசை. அரை மணித்தியால அளவு ஓட்டம்தான். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஸ்ரேசன்களின் பெயர்ப்பலகைகளை மூத்தவன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தான். மாவிட்டபுரம் வந்ததும் அம்மா எழும்பி யன்னலடிக்குப் போனார்.

அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். அவரும் இந்தக் கல்லூரியின் மாணவிதான். "இந்த ஸ்ரேசனில ஏறித்தான் நான் பள்ளிக்கூடம் போனனான்" என்று பேரனுக்குச் சொன்னார். "பிறகு ஏன் போகேல்லை?" என்று அவன் கேட்டான். "பிறகு படிப்பு முடிஞ்சுது, கலியாணம் கட்டினன். அதுக்குப் பிறகு ஒரு நாள் ரயிலும் நிண்டுட்டுது, நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டம்." 1990 இல் வெளிக்கிட்டவர் இருபது வருடங்களுக்கு மேல் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறைக்கு அடுத்த ஜனவரியில் வந்தது.

அடுத்த கேள்வியையும் அவன் கேட்டான். "அம்மம்மா, நீங்கள் ஏன் எங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறீங்கள்?" நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது. காரணம் எங்களுக்குத் தெரிந்ததால் கேட்கவில்லை. 1995 இல் அந்த இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தடிச் சனநெரிசலில் என் தம்பியைத் தவறவிட்டோம். அடுத்த நாள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தான். யாரோ ஒரு அம்மா தன் பிள்ளைகளுடன் சேர்த்து அவனையும் கூட்டிவந்து, பாணும் கொடுத்து வைத்திருந்தார். அவர் யாரென்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து அம்மா எண்ணுகிறார்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "உங்கட மாமா சின்னனில ஒருக்காச் சனத்துக்குள்ள துலைஞ்சவன். விடிய வந்து கண்டுபிடிச்சம். எண்ணினால்தான் எல்லாரும் வீட்டை வந்து சேருவினம்." அவ்வளவுதான். பயமுறுத்தவுமில்லை, மறைக்கவுமில்லை.

காங்கேசன்துறையில் கடல் பார்ப்பதுதான் திட்டம். சின்னவள் ஸ்ரேசன் வேலியோரம் நின்ற ஒரு ஆட்டுக்குட்டியை விட்டு நகர மறுத்துவிட்டாள். அதனுடனே நாற்பது நிமிடம் போனது. கடலைக் கண்டது பத்து நிமிடம். திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மூத்தவன் அம்மாவை முந்திக்கொண்டு விரல் நீட்டினான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, நான் ஐஞ்சு. எல்லாரும் வந்துட்டம்." அம்மா ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

தோழிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டை விட்டுப் போகலாம், போனால் திரும்பி வரலாம், வீடு அங்கேயே இருக்கும் என்பதைச் சின்னப் பிள்ளை படிப்பது இப்படிச் "சும்மா" போய் வரும் போதுதான். வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் அம்மம்மாமார் திருத்துவார்கள். அந்த "வாறன்" எங்களில் பலருக்குச் சின்ன வயதில் உறுதியில்லாமல் போயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு அதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பலமுறை போய்ப் பலமுறை வந்துதான் அது பதியும்.

இனி வைத்தியராக நாலு வார்த்தை. இல்லாவிட்டால் கூப்பிட்டவர்கள் கோபிப்பார்கள்.

முதலாவது, நேரம். பயணத்தில் அடம்பிடிக்கும் பிள்ளை பெரும்பாலும் பசித்த பிள்ளை, நித்திரை வந்த பிள்ளை, அல்லது மூத்திரம் முட்டிய பிள்ளை. மூன்று நான்கு வயதில் பகல் நித்திரையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணித்தியால நித்திரை வேண்டும். நித்திரையும் சாப்பாடும் முடிந்த பிறகு வெளிக்கிடுங்கள். சின்னவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். ஒரே நாளில் ஐந்து இடம் பார்ப்பது வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்களின் அவசரம். பிள்ளைக்கு ஒரு ஆட்டுக்குட்டி போதும்.

இரண்டாவது, சத்தி. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பயணத்தில் சத்தி எடுப்பது அதிகம். உடம்பு அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கண்ணோ அசையாத பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு குழம்புகிறது. ஆகவே வாகனத்தில் கையில் போனைக் கொடுக்காதீர்கள். யன்னலால் தூரத்தைப் பார்க்க விடுங்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். கசூரினாவிலோ கீரிமலையிலோ பத்துப் பெரியவர்கள் நின்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைப்போம். பத்துப் பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருப்பதுதான் நடக்கும். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது, கையசைத்துக் கூப்பிடாது. ஒரு நேரத்தில் ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் பிள்ளையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், போன் இல்லாமல் நிற்க வேண்டும். அம்மாவின் எண்ணும் பழக்கத்தை நான் இங்கே எல்லோருக்கும் மருந்தாகவே எழுதித் தருவேன்.

நான்காவது, மோட்டார் சைக்கிள். அப்பா ஓட, அம்மா பின்னால் இருக்க, இடையில் ஒரு பிள்ளை, முன்னால் தாங்கியில் ஒரு பிள்ளை. எங்கள் ஊரில் தினமும் காணும் காட்சி. சடுதியாக பிரேக் பிடித்தால் முன்னால் இருக்கும் பிள்ளையின் முகமும் நெஞ்சும் நேரே ஹாண்டிலில்தான் அடிபடும். அப்பாவின் தலையில் ஹெல்மெற் இருக்கிறது, பிள்ளையின் தலையில் இல்லை. பஸ் பிந்தினாலும் பரவாயில்லை, பஸ்ஸில் போங்கள்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற பிறகு சும்மா போய் வரும் எண்ணமே பலருக்கு விட்டுப்போயிற்று. ஆனால் இதற்குப் பெரிய காசு தேவையில்லை. அடுத்த சந்தி வரை நடந்து போய் வருவதும் பயணம்தான். மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணித்தியாலமாவது ஓடியாடித் திரிய வேண்டும், திரையின் முன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. அடைத்த கேற்றுக்குள், தொலைக்காட்சிக்கு முன்னால், அது எப்படி நடக்கும்?

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் நாங்கள் கட்டடம் கட்டுகிறோம், புலமைப்பரிசில் கொடுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கல்லூரி மைதானத்தைப் பழைய மாணவிகளின் சின்னப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் திறந்து விடுங்கள். அதிபர் அம்மா சிரிக்கிறார். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், உரை வேண்டவே வேண்டாம். வேப்பமரத்தடியில் அம்மம்மாமார் இருந்து கதைக்கட்டும். பிள்ளைகள் மண்ணில் விழுந்தெழும்பட்டும். ஆறு மணிக்கு எல்லோரையும் எண்ணி வீட்டுக்கு அனுப்பலாம். எண்ணுவதற்கு என் அம்மா ஆயத்தமாக இருக்கிறார்.

 போயிட்டு வாறன். வணக்கம்.